கறையக்கா போட்ட வளைகோடு

அந்தச் சலவை நிலையத்தில் முப்பது பேர் கறையைப் போக்கச் சம்பளம் வாங்கினார்கள். கறை வைக்கச் சம்பளம் வாங்கியவள் ஒருத்திதான். அதனால் அவளுக்குக் கறையக்கா என்று பெயர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடந்தது.

வெளுக்க வரும் ஒவ்வொரு துணியிலும், உள்பக்கமாக, வெளியே தெரியாத இடத்தில், இது இன்னார் வீட்டுத் துணி என்று ஒரு சின்னக் குறி வைக்கவேண்டும். அதுதான் அவள் வேலை. அதற்கு மை, சேராங்கொட்டை. காட்டில் அகல அகலமான இலையோடு வளரும் மரம் அது. ஆரஞ்சு நிறச் சதையின் நுனியில் கறுப்பாக ஒரு கொட்டை தொங்கும். சதையைச் சுட்டுத் தின்னலாம். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெயோ பொல்லாதது, மேலே பட்டால் தோல் கொப்பளித்துவிடும். அதையும் மனிதர்கள் விட்டுவைக்கவில்லை. வண்டி அச்சுக்குப் பூசினார்கள், கரையான் அரிக்காமல் இருக்க மரச்சட்டங்களில் தடவினார்கள், வைத்தியர்கள் சுத்தம் செய்து மருந்தில் சேர்த்தார்கள். கொட்டையில் ஊசியைக் குத்தி, அதன் முனையால் துணியில் கோடு இழுத்து, மேலே கொஞ்சம் சுண்ணாம்பு நீர் தொட்டு வைத்தால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எந்தச் சோப்புக்கும் அது மசியாது.

அவளுக்கு முன்னால் நாலு பேர் அந்த வேலைக்கு வந்து, நாலு பேரும் முகம் வீங்கி ஓடிப்போனார்கள். கறையக்காவின் அப்பா காட்டில் கொட்டை பொறுக்கி விற்றவர். நடக்கத் தெரிந்த நாள்முதல் கொட்டைக் குவியலில் ஏறி விளையாடியவளை அது ஒன்றும் செய்யவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த மறுநாள், மேற்பார்வையாளர் அவள் முகத்தைப் பார்ப்பதற்கென்றே வாசலில் நின்றார். "என்ன சார், வரமாட்டேன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பளிச்சென்று உள்ளே போனாள்.

குறிகளை அவள் எந்த நோட்டிலும் எழுதி வைத்ததில்லை. எல்லாம் மனப்பாடம். மறக்காமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தாள், கொஞ்சம் வில்லங்கமான வழி. ஆளைப் பார்த்ததும் மனதில் என்ன தோன்றுகிறதோ அதுதான் குறி. எப்போதும் சண்டை போடும் புருஷன் பெண்டாட்டிக்கு ஒன்றையொன்று முறைக்கும் இரண்டு கோடு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசும் டாக்டருக்கு மூன்று சொட்டு. ஒரு வீட்டுக்கு வைத்த குறியை மாற்றுவதே கிடையாது.

இப்படித்தான் இருபத்தொரு வருடத்துக்கு முன்னால், முதல் தடவையாகத் துணி போட வந்த ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, எண்ணிக் கொடுக்கும்போதே தன் பையன் சட்டையில் ஒரு பட்டன் காணவில்லை என்று ஆள் நடமாடும் இடத்தில் நின்று அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். தன்மேல் தப்பே இல்லாமல் திட்டு வாங்கிய ஆத்திரம் அவளுக்கு. அந்தச் சட்டையை எடுத்து, காலர் தன் பக்கம் வரும்படி விரித்து, உள்ளே ஒரு வளைகோடு போட்டாள். இரண்டு முனையும் கீழே தொங்கும் வாய். உர்ரென்று ஒரு மூஞ்சி. அன்றைக்கு அவளுக்குச் சோறு இனித்தது.

அந்தக் கோடு இப்போது அவள் கழுத்துக்கே வந்து நின்றது. கண் மருத்துவமனையில் வேலை பார்க்கும் அவள் மகளுக்கும், கண்ணாடி மாற்ற வந்த ஒருவனுக்கும் பிடித்துப்போய்விட்டது. அவன் தலைமையாசிரியையின் மகன். தங்கமான பையன். மகள் வெள்ளிக்கிழமை வந்து சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை அவங்க அம்மா நம்ம வீட்டுக்கு வர்றாங்கம்மா. அப்புறம்... அவங்க சட்டையில இருக்கிற குறிக்கு என்ன அர்த்தம்னு உன்கிட்டயே கேக்கணுமாம்."

அந்த வீட்டுத் துணி மூட்டை அப்போது நிலையத்தில்தான் கிடந்தது. சனிக்கிழமை கறையக்கா அதிலிருந்து ஒரு கைக்குட்டையை மட்டும் எடுத்து எலுமிச்சை தேய்த்தாள், சோடா போட்டாள், பிரஷ் வைத்துச் சுரண்டினாள். அழியாது என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும், இருந்தும் செய்தாள். கைக்குட்டை கிழிந்தது. வாய் மட்டும் அப்படியே உர்ரென்று இருந்தது.

அதே நிலையத்தில் இஸ்திரி போடும் அவள் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஊர் துணியில எல்லாம் வாய் வரைஞ்சியே, இப்ப வாயைத் திற பாக்கலாம்!"

"சிரிக்காதீங்க. பொண்ணு கல்யாணம் இதுல நிக்குது."

"குடைன்னு சொல்லிடு. பாக்கக் குடை மாதிரிதானே இருக்கு?"

சரி, குடை என்றே முடிவாயிற்று. ராத்திரி முழுக்க மனதுக்குள் குடை, குடை என்று சொல்லிப் பார்த்தாள்.

தலைமையாசிரியை சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். தலை நரைத்திருந்தது, நடை மட்டும் அதே நடை. மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் டீயைத் தொடாமல், பையிலிருந்து ஒரு சின்னப் பையனின் பள்ளிச் சட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். மஞ்சளேறிய வெள்ளைச் சட்டை. இரண்டாவது பட்டன் மட்டும் வேறு நிறம். அது எந்தச் சட்டை என்று கறையக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அந்த வருஷம்தான் பையனோட அப்பா தவறிட்டார்" என்றார் அவர். "யாரைப் பாத்தாலும் எரிஞ்சு விழுந்தேன். வீட்ல சிரிப்பே செத்துப்போச்சு. இந்தச் சட்டை வெளுத்து வந்தப்ப, பையன்தான் காலர்க்குள்ள பாத்துட்டு 'அம்மா, சட்டை சிரிக்குது'ன்னான். இதோ பாருங்க."

சட்டையைக் காலர் மேலே வரும்படி தூக்கிப் பிடித்துக் காட்டினார். கறையக்கா பார்த்தாள். இரண்டு முனையும் மேலே ஏறிய வாய். சிரிப்பேதான். இருபத்தொரு வருடமாக எல்லாச் சட்டையும் அவளுக்கு முன்னால் காலரைக் கீழே வைத்தேதான் படுத்திருந்தன. போட்டுக்கொள்கிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒரு நாளும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

"அவ்வளவு திட்டினேன், பதிலுக்கு எனக்கு ஒரு சிரிப்பு வச்சு அனுப்பியிருக்கீங்க. எப்படி மனசு வந்துச்சுன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

கணவர், சும்மா இரு, தலையை ஆட்டு போதும் என்று கண்ணாலேயே கெஞ்சினார். குடைக்குக்கூட அவசியமில்லை. ஆனால் ஒருவர் துணியை இன்னொருவருக்குக் கொடுத்தே பழக்கமில்லாதவள் அவள். தனக்குச் சேராத நன்றியை வாங்கி மடித்து வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

"டீச்சர், அது சிரிப்பில்ல" என்றாள். "நான் உக்காந்திருந்த பக்கத்துலேருந்து பாத்தா அது உம்மணாமூஞ்சி. உங்க மேல கோவத்துல போட்டேன். மன்னிச்சுக்குங்க."

மகள் தரையைப் பார்த்தாள். தலைமையாசிரியை சட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"அச்சு அசல் நான்தான்" என்றார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று கறையக்கா பதறி எழுந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார் மனுஷி. "ஒரு பட்டனுக்கா அவ்வளவு கத்தினேன்?"

"கத்தினீங்க டீச்சர்."

"தப்புதான். ஆனா ஒண்ணு, எங்க வீட்ல யாரும் சட்டையை இப்படிப் பிடிக்கிறதில்ல."

அவர் பையில் மறுபடி கைவிட்டு, புது வெள்ளைக் கோட்டு ஒன்றை எடுத்தார். "இவளோட ஆஸ்பத்திரிக் கோட்டு கைப்பக்கம் நைஞ்சிருக்குன்னு பையன் சொன்னான். புதுசா ஒண்ணு தைக்கச் சொன்னேன். இனி இவ துணியும் எங்க வீட்டு மூட்டையிலதானே வரும்? குறியை வச்சிடுங்க."

யாராவது தெரியாமல் தொட்டு வைப்பார்கள் என்று கொட்டை டப்பாவைக் கறையக்கா எப்போதும் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவாள். எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காலரை மேல்பக்கமாக வைத்து விரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கிற வாயை நிதானமாக இழுத்தாள்.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்த தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். "என்னங்க இது, மறுபடியும் உர்ருன்னு வருது?"

"அங்கேருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். இந்தப் பக்கம் வாங்க."

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து, கறையக்காவின் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, ஈரக் கோட்டின் மேல் விரலை நீட்டினார்.

"ஐயோ, தொட்டுடாதீங்க சம்பந்தி, கை வீங்கிடும்!" என்று கறையக்கா அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.