மூக்கனைத் தொடாத நாட்கள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடங்களாகப் படுக்கை விரிப்பு துவைக்கிறாள் அவள். ரத்தம், மருந்து, மை, எந்தக் கறையும் அவள் கைக்கு அடங்கிவிடும். வீட்டிலிருந்த இரண்டு பூனைகள்தான் அடங்கவில்லை.

இரண்டும் அண்ணன் தம்பி. ஏழு வருடங்களுக்கு முன், சலவைக்கூடத்துக் கொதிகலனுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்த குட்டிகளை ஒரே தலையணை உறையில் போட்டுத் தூக்கிவந்தாள். முழுக் கறுப்பாக இருந்தவன் கரிச்சட்டி. மூக்கில் பழுப்புப் புள்ளி வைத்திருந்தவன் மூக்கன். நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள், கரிச்சட்டிக்குப் பல் சொத்தையாகும்வரை.

பல்லைப் பிடுங்க மிருக வைத்தியரிடம் ஒரு நாள் விட்டுவிட்டுக் கூட்டிவந்தாள். கூடையைத் திறந்ததும் மூக்கன் ஒருமுறை முகர்ந்தான். அவ்வளவுதான், பாய்ந்துவிட்டான்.

வைத்தியரிடம் போனில் அழாத குறையாகக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரி வாடைம்மா. அதனால வேற பூனைன்னு நினைக்குது. ரெண்டுக்கும் ஒரே வாடை வரணும். ஒரே துணியால ரெண்டையும் தினமும் தடவி விடுங்க. துணியைத் துவைச்சுடாதீங்க."

துவைக்காதே என்று யாரிடம் சொல்கிறார் பாருங்கள். கரிச்சட்டியைத் துடைத்ததுமே அவள் கை தானாக வாளிக்குப் போகும். சோப்புப் போட்டு அலசிப் பிழிந்த துணியோடுதான் மூக்கனிடம் போவாள். மூன்றாம் நாள் மூக்கன் அவள் கையைப் பிறாண்டி வைத்தான். அன்றோடு துணிக்கும் ஒரு கும்பிடு, மூக்கனுக்கும் ஒரு கும்பிடு. தட்டில் சாப்பாடு விழும், அவள் விரல் மட்டும் அவன்மேல் படாது.

அடிபட்டவன்மேல் பாசம் பொங்கியது. மாலையில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கரிச்சட்டியைத் தூக்கிக்கொள்வாள். "என் தங்கம், இன்னைக்கு எத்தனை அடி வாங்கின?" என்று தலை முதல் வால்வரை தடவிக் கீழே விடுவாள். ஐந்தே நிமிடம். மூக்கன் எங்கிருந்தோ வந்து விழுவான். திரைச்சீலை கிழிந்தது. பாத்திர அலமாரி சரிந்தது. தட்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி அவளுக்கு வெறுத்துவிட்டது.

கணவர் பேருந்து ஓட்டுநர், மதியமே வீடு திரும்பிவிடுபவர். "பகல்ல சும்மாதான் கெடக்குதுங்க. நீ வந்தாதான் ஆரம்பிக்குது," என்றார்.

"ஆமா, எல்லாத்துக்கும் நான்தான் காரணம்," என்று எரிந்து விழுந்தாள்.

பதினான்காம் நாள் விலக்கிவிடப் போன அவர் காலிலேயே மூக்கன் பல்லைப் பதித்தான். "போதும். ஞாயித்துக்கிழமை எங்க பஸ் மெக்கானிக்க வரச் சொல்லிட்டேன். பட்டறையில ஒரே எலியாம். மூக்கன் போகட்டும்," என்றார் அவர். "போகட்டும், சனியன் விட்டது," என்றாள் அவளும். சொன்ன வாய் கசந்தது.

ஞாயிறன்று அவளுக்கு அரைநாள் வேலை. வந்ததும் வழக்கம்போலக் கரிச்சட்டியைக் கொஞ்சிவிட்டு, உடைகூட மாற்றாமல் கூடையை எடுத்தாள். மூக்கனைத் தூக்கினாள். எலும்பு கையில் இடித்தது. இவன் சரியாகச் சாப்பிடாததைக்கூட அவள் கவனிக்கவில்லை. கோபமெல்லாம் எங்கோ போயிற்று. மார்போடு அணைத்து முதுகை, கழுத்தை, காதை, முன்காலைத் தடவித் தடவி அழுதாள். "உன்னையும்தானே அதே உறையில தூக்கிட்டு வந்தேன். ஏண்டா இப்படிப் பண்ணின?"

கட்டிலடியிலிருந்து கரிச்சட்டி எட்டிப் பார்த்தான். மூக்கன் அவள் கையிலிருந்து நழுவி அவனிடம் ஓடினான். கணவர் துடைப்பத்தை எடுத்தார்.

மூக்கன் கரிச்சட்டியின் கழுத்தை முகர்ந்தான். தன் முன்காலை முகர்ந்தான். மறுபடியும் கழுத்தை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனின் காதை நக்க ஆரம்பித்தான்.

அவள் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கணவரிடம் நீட்டினாள்.

"என்ன வாடை அடிக்குது?"

"ஆஸ்பத்திரி வாடை. எப்பவும் அடிக்கிறதுதானே."

பதினாறு நாளாக, தினமும் மாலையில், ஒருவன்மேல் மட்டும் அந்த வாடையைப் பூசி விட்டிருக்கிறாள்.

வாசலில் மெக்கானிக்கின் குரல் கேட்டது. "சண்டை போடுற பூனை எதுங்க?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டின்மேலும் ஒவ்வொரு கையாக வைத்திருந்தாள். "பூனை மேல தப்பில்லங்க. மூட்டி விட்டது நான்தான்," என்றாள்.