ஆடுங்கல்லுக்குச் சக்கை வைத்தவர்

என் அக்காள் தேவகியைக் கட்டிய குப்புராஜ் மாமாவுக்கு முதல் ஆளாக இருக்கவேண்டும். எதில் என்று கேட்காதீர்கள், எதிலும்தான். கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணம் வேறு யாரிடமாவது முதலில் போய்விட்டால் அன்றைக்கு அக்காளுக்குத் தூக்கம் கிடையாது. ஆரணியில் பத்துப் பதினைந்து வீடுகளுக்குப் பட்டு நூல் கொடுத்துப் புடவை நெய்யவைத்து வாங்குகிறவர். அவர் கால் தறிக்குழிக்குள் இறங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் முகூர்த்தப் புடவையை யாராவது புகழ்ந்தால் போதும், தானே இடுப்பொடிய நெய்ததுபோல ஒரு பெருமூச்சு விடுவார்.

இந்த மனிதரிடம்தான் அந்தக் கல் மாட்டிக்கொண்டது.

ஊருக்குத் தெற்கே ஒரு மொட்டைக் குன்று. அதன் உச்சியில், மினி லாரி அளவுக்கு ஓர் உருண்டைக் கல் வெறும் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. தோதான இடத்தில் கையை வைத்து, விட்டுவிட்டுத் தள்ளினால் அது மெல்ல ஆடும். காணும் பொங்கலன்று சனம் கட்டுச்சோற்றோடு மேலே ஏறும். முதல் கை மாமா வீட்டு ஆண்பிள்ளையின் கை. அதற்குப் பிறகு ஊர். எல்லோரும் ஆட்டி முடித்தபின் கடைசியில், போனால் போகிறதென்று, மாமா வீட்டுப் பெண்கள். இந்த முறையைக் கொண்டுவந்ததே மாமாவின் அப்பாதான் என்பது என் சந்தேகம்.

காரணம் கேட்டால் கதை தயாராக இருக்கும். மாமாவின் கொள்ளுத்தாத்தா அந்தக் கல்லைத் தோளில் சுமந்து வந்து வைத்தாராம். கொள்ளுப்பேரனுக்கோ கேஸ் சிலிண்டரை நகர்த்தினாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

மாமாவின் ஒரே மகள் ராதிகா சென்னையில் நிலவியல் படிக்கிறாள். போன வருஷம் காணும் பொங்கலுக்கு வந்தவள், ஊர் இறங்கிய பிறகு தன் கடைசி முறைக்காக நின்றாள். துணைக்கு நானும் நின்றேன். அவள் தள்ளுவதே தனி அழகு. கல் தன் பக்கம் சாய்ந்து திரும்பும் நேரம் பார்த்து உள்ளங்கையால் ஓர் அழுத்து, அவ்வளவுதான். அத்தனை பெரிய கல் அவள் சொன்னபடி கேட்டது. இறங்க மனமில்லாமல் வெகுநேரம் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் விளக்கினாள். கல்லை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை, அது பிறந்ததே அங்கேதான் என்றாள். மண்ணுக்கடியில் ஒரே பாளமாக இருந்த பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் விழுந்தன. அவற்றில் தண்ணீர் இறங்கிப் பாறையை மக்கவைத்தது. மூலைகளைத் தண்ணீர் பல பக்கமும் அரித்ததால் அவை முதலில் உதிர்ந்து, கட்டம் உருண்டையானது. மக்கியதெல்லாம் மழையில் அடித்துக்கொண்டு போக, நடுவிலிருந்த கெட்டிக்கல் மட்டும் அடிப்பாறைமேல் நின்றுவிட்டது. அதன் அடி அகலமான வளைவு. அதனால்தான் சாய்த்தால் தானே திரும்பி வருகிறது.

"அடியில கீற பாறையும் தேஞ்சிகினுதாம்பா கீது. என்னிக்காவது உருண்டு வுழுந்துடும். அதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் ஆவும்" என்று முடித்தாள்.

ஆயிரக்கணக்கான வருஷம் வருவதற்குள் மாமா கை கழுவ எழுந்துவிட்டார். கல் விழுந்துவிடும் என்பது மட்டும் காதில் ஏறிவிட்டது. விழுந்துவிட்டால் முதல் கைக்கு எங்கே போவது?

ராதிகா சென்னை போனாள். களம்பூர் ரைஸ்மில்லில் எனக்கு லோடு ஏற்றும் சீசன். நாங்கள் இருவரும் இல்லாத நாளாகப் பார்த்து, சின்னக்கண்ணு என்ற கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு மாமா குன்றில் ஏறினார். கல்லுக்கும் பாறைக்கும் நடுவிலிருந்த சந்தில் ஜல்லியையும் சிமெண்டையும் போட்டு இறுக்கச் சொன்னார்.

"அடிய அடைச்சிட்டா கல்லு எப்டிங்க ஆடும்?" என்று கேட்டாராம் சின்னக்கண்ணு.

"தறிக்கால் ஆடினா அடியில மரச்சக்கை வெச்சி இறுக்கறோமே, அப்பால தறி ஓடாம நின்னுகினா கீது? இன்னும் நல்லாத்தான் ஓடுது. பேஜார் பண்ணாத, ஜல்தியா கலக்கு."

தறியில் ஆடவேண்டியது வேறு, ஆடக்கூடாதது வேறு. ஒரு நாளாவது குழியில் இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

இந்த வருஷம் காணும் பொங்கலுக்கு மாமா பட்டு வேட்டியில் வந்தார். மேளம் வைத்திருந்தார். முதல் கையை வைத்தார். கல் அசையவில்லை. தோளைக் கொடுத்தார், முதுகைக் கொடுத்தார். கடைசியில் நாலு பேரைக் கூப்பிட்டார். மேளக்காரர்கள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ராதிகா குனிந்து அடியைப் பார்த்தாள். சிமெண்டைத் தடவினாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்கு மாமாவைக் குன்றிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது. பிறகு ஆள் விட்டுச் சிமெண்டைக் கொஞ்சம் பெயர்த்துப் பார்த்தோம். கல்லின் அடி வளைவும் சேர்ந்து உடைந்து வந்தது. நிறுத்திவிட்டோம்.

மாமா ஒரே வாரத்தில் தேறிவிட்டார். வெட்கம் இருந்தால்தானே நாள் பிடிக்கும். புடவை எடுக்க வந்த வெளியூர்க்காரர்களுக்குக் காபி கொடுத்து, புதுக்கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"இனிமே அந்தக் கல்ல ஒருத்தனும் ஆட்ட முடியாதுங்க. கடைசியா அத்த ஆட்டுன கை இந்தக் கைதான்."

உள்ளேயிருந்து ராதிகா வந்தாள். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, சத்தம் போடாமல் சொன்னாள்.

"மொத கைதான் உன்னுதுப்பா. கடைசியா ஆட்ட என்னியத்தான வுட்ட."