அந்த டின்னில் இருந்த பவுடர்

மலேசியாவின் உலு யாமில் முப்பத்தோரு வருடம் முடிவெட்டும் கடை நடத்தியவனுக்கு நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் புற்றுநோய் என்றால் ஊர் சிகரெட்டைத்தான் குறை சொல்லும். நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. டாக்டர் அதை நம்பினார். கப்பல் பட்டறையில் வேலை செய்தீர்களா, கூரைத் தகடு அறுத்தீர்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கடைசியில், "கடையில பவுடர் போடுவீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பவுடர் போடாத முடிவெட்டுற கடை எங்க இருக்கு டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார்.

ரவாங்கில் வழக்கறிஞராக இருக்கும் என் தம்பி மகள்தான் அதை எனக்கு விளக்கினாள். பவுடருக்காக அரைக்கும் கல்லும், ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரும் சில இடங்களில் பூமிக்குள் பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்குமாம். தோண்டும்போது இரண்டும் கலந்துவிடலாமாம். முகத்துக்குப் பூசுகிற பவுடரில் கல்நார் இருந்தது, அதைச் சுவாசித்துத்தான் இந்த நோய் வந்தது என்று வெளிநாடுகளில் பலர் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். கம்பெனிகள் இல்லவே இல்லை என்கின்றன. அங்குள்ள வழக்கறிஞர்கள் என் விஷயத்தையும் பார்க்கத் தயாராக இருக்கிறார்கள், ஆனால் எந்தப் பவுடரைப் பயன்படுத்தினேன் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றாள்.

"ரசீது ஏதும் இருக்கா பெரியப்பா?"

"முடி வெட்டுறவன் பவுடர் டின்னுக்கு ரசீது வச்சிருப்பானாம்மா?"

"அப்ப கண்ணால பார்த்தவங்க சொல்லணும்."

பார்த்தவர்களுக்கு என்ன பஞ்சம்? கண்ணாடிக்கு முன்னால் இருந்த பலகையில் அந்த டின் எப்போதும் நின்றது. பேர் பெற்ற கம்பெனியின் டின். கழுத்தில் கத்தி வைப்பதற்கு முன்னும் பின்னும் பிரஷ்ஷில் தட்டி அடிப்பேன். மின்விசிறிக் காற்றில் கடை முழுக்கப் புகையாகப் பறக்கும். என் நாற்காலியில் உட்கார்ந்த யாரைக் கேட்டாலும் டின்னின் நிறத்தைக்கூடச் சொல்வார்கள்.

அவளிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. முதல் ஆறு வருடம்தான் அந்த டின்னில் அந்தக் கம்பெனியின் பவுடர் இருந்தது. விலை ஏறியதும் மொத்த வியாபாரி ஒருவரிடம் சாக்கில் வரும் பேரில்லாத பவுடரை வாங்கி, செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, காலி டின்னில் நிரப்ப ஆரம்பித்தேன். டின் அடிபட்டு நசுங்கினால், எங்காவது அதே கம்பெனியின் நல்ல காலி டின் ஒன்றைத் தேடிப் பிடிப்பேன். இருபத்தைந்து வருடம் இப்படியே ஓடியது. அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். என் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. கோப்பிக் கடையில் செய்தி பரவி, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது பேர் கடைக்கு வந்துவிட்டார்கள். மகனோடு புஞ்சாக் ஆலாமுக்குக் குடிபோன ரப்பர் தோட்டத்தில் என்னோடு இருந்த பழைய நண்பர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். இரும்புக்கடைச் சீனர் கடையை அடைத்துவிட்டு வந்தார். கெர்லிங் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன், நான் கடை திறந்த முதல் நாளிலிருந்து வருபவன், வேட்டி சட்டையில் வந்து நின்றான்.

"என்னடா, பொண்ணு பார்க்கவா வந்த?"

"சத்தியம் செய்யணும்னு சொன்னாங்கண்ணே. சும்மா கைலியோட வர முடியுமாலா?"

உட்கார இடமில்லாமல் அவர்கள் வாசல்வரை நின்றார்கள். முடி வெட்டியதற்குக் கூலி அன்றன்றே கொடுத்துவிட்டவர்கள். எனக்கு அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டியவர்கள் இல்லை.

ரவாங்கிலிருந்து வந்திருந்த தம்பி மகள் எழுதி வைத்திருந்ததை வாசித்தாள். முப்பத்தோரு வருடமும் இந்தக் கம்பெனிப் பவுடரைத்தான் இவர் பயன்படுத்தினார் என்று கண்ணால் கண்டோம் என்பது அதன் சாரம். சரி என்பவர்கள் மறுநாள் ரவாங்குக்கு வந்து சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்திட வேண்டும். ஒன்பது பேரும் சரி என்று தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவராவது பொய்யராக இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். எல்லோரும் பார்த்ததைத்தான் சொல்ல வந்திருந்தார்கள். நான் காட்டியதைத்தான் அவர்கள் பார்த்திருந்தார்கள்.

மூலையில் நின்ற என் மனைவி, "சொல்லிருங்க" என்றாள், மெல்ல.

சொன்னேன். சாக்கு, செய்தித்தாள் கூம்பு, காலி டின், எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு வாங்கியதால் இரண்டு முறை நிறுத்தித்தான் முடிக்க முடிந்தது. சீனருக்கு யாரோ மலாயில் விளக்கினார்கள்.

லோரிக்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அப்ப எங்க கழுத்துல இத்தன வருசமா போட்டது என்னா பவுடர்ண்ணே?"

"பேரில்லாத பவுடர்டா."

"அதுல அந்தக் கல்நாரு இருந்துச்சா இல்லையா?"

"தெரியாது."

"எனக்கும் இந்தச் சீக்கு வருமா?"

"தெரியாதுடா."

அவன் வெளியே போய்விட்டான். லோரி கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் கேட்ட கேள்வியை என்னை நானே கேட்டுக்கொள்ளப் பயந்துதான் அத்தனை மாதம் டின்னைப் பற்றி வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். வெட்கத்தில் கழுத்து வேர்த்துப்போனது.

தம்பி மகள் கோபப்படவில்லை. பேனாவை எடுத்து இருபத்தைந்து வருடத்தை அடித்தாள். முதல் ஆறு வருடத்தை மட்டும் எழுதினால் பொய் இருக்காது, கேஸ் பலவீனமாகும், ஆனால் நிற்கலாம் என்றாள். அந்த ஆறு வருடத்தில் டின்னைப் பார்த்தவர்கள் குறைந்தது இருவர் வேண்டும். அங்கிருந்தவர்களில் அப்படி ஒருவர்தான் இருந்தார், புஞ்சாக் ஆலாமிலிருந்து வந்த நண்பர். இன்னொருவன் லோரியில் போய்விட்டான். நண்பர் என் தோளைத் தட்டி, "எனக்கு நீ கட்டிங் போட்டதாச்சும் நெசமா?" என்றார். அந்த நிலைமையிலும் சிரிக்க வைத்த புண்ணியவான்.

எல்லோரும் கிளம்பிப் போனார்கள். போகும்போது ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துவிட்டுத்தான் போனார்கள். சீனர் மட்டும் டின்னை எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

ஒரு மணி நேரம் கழித்து, நானும் மனைவியும் தம்பி மகளும் கடையைப் பூட்டப் போகும் நேரத்தில் லோரி திரும்பி வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"மொத ஆறு வருசம் நெசம்தானே?"

"நெசம்."

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமாடா."

"நாளைக்கு ரவாங்ல எத்தன மணிக்கு?" என்று தம்பி மகளிடம் கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ அடுத்த தடவ ஆஸ்பத்திரி போறப்ப நானும் வர்றேன். எனக்கும் நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லு" என்றான். சொல்கிறேன் என்றேன்.

அவன் போகவில்லை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து துணியைத் தானே கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டான்.

"வெட்டுண்ணே. சனிக்கிழம மச்சான் மக கல்யாணம்."

வெட்டினேன். இடையில் மூச்சுக்காக நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபோதெல்லாம் கண்ணாடியைப் பார்த்தபடி காத்திருந்தான். முடிந்ததும், வழக்கம்போல அவன் கழுத்து தானாக முன்னால் குனிந்தது. என் கையும் தானாகப் பலகைக்குப் போனது. பாதியில் நிறுத்தினேன். மனைவி ஈரத்துண்டை நீட்டினாள். அந்தக் கழுத்தை மெதுவாகத் துடைத்தேன்.

"என்னண்ணே, கண்ணுல முடி விழுந்துருச்சா?" என்றான் கண்ணாடியில் பார்த்து.

"இல்லடா" என்றேன். "நீ திரும்பி வந்துட்ட, அதான்."