இடப்பக்க இருக்கை

இளம் வயதில் என் மனைவி திரேசாவை ஒரு பகல் முழுவதும் ஊமையாக வைத்திருந்தேன். யாங்கோன் நகரின் காண்டோஜி ஏரிக்கரையில், எங்கள் அலுவலகத்தார் குடும்பத்தோடு கூடிய விருந்தில் அது நடந்தது. நான் மிஷன் பள்ளியில் படித்த குமாஸ்தா வீட்டுப் பிள்ளை. அவள் நகருக்கு வடக்கே மாவ்பி ஊரில் நெல் பயிரிடும் தமிழ்க் குடும்பத்தவள். "ஜேய்க்குப் போயி கீரை வாங்கியாரேன்" என்பாள். சந்தை என்ற சொல் அவள் வாயில் வராது, பர்மியச் சொல்தான் வரும். தலைமைக் குமாஸ்தாவின் மனைவி ஸ்டெல்லா அக்காவின் காதில் அந்தத் தமிழ் விழுந்துவிடக் கூடாது என்று, "இவளுக்குத் தொண்டை வலி, பேசக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். திரேசா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் எந்தப் பூங்காவுக்கும் என்னோடு வரவில்லை. எப்போது கூப்பிட்டாலும் வீட்டில் வேலை இருந்தது.

ஓய்வு பெற்ற பின், 2003இல் மழை ஓய்ந்ததும், பழைய ஜப்பான் பிக்கப் ஒன்றை, நாங்கள் குடியிருக்கும் பசுந்தாங் பகுதியில் ஒரு பட்டறையில் விட்டுப் பின்பக்கத்தை வீடாக மாற்றினேன். இழுத்தால் கட்டிலாகும் பலகைகள், மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர் டிரம், கொசுவலை, மேலே தகரக் கூரை. "பூங்காக்களைச் சுற்றுவோம், வா" என்றேன். திரேசா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "சட்டி வைக்க இடமே இல்லையே!" என்றவள், பட்டறைக்காரரிடம் பர்மியத்தில் பேசி ஓர் அலமாரி அடிக்க வைத்தாள். வருகிறாள் என்று புரிந்துகொண்டேன்.

எங்கள் நாட்டுக்கு வராதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பர்மாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முன்னே போகும் வண்டியைத் தாண்டும்போது எதிரே வருவது ஓட்டுபவனுக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் வாய் திறக்காவிட்டால் பயணம் நகராது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பசுந்தாங்கிலிருந்து புறப்பட்டோம். முதலில் ஏரிக்கு அருகில் குடியிருக்கும் ஸ்டெல்லா அக்காவை ஏற்றிக்கொண்டோம். கணவரை இழந்தவர், எண்பதைக் கடந்தவர். காண்டோஜியில் பனி இன்னும் தண்ணீரைவிட்டு எழவில்லை. அக்கரையில் பகோடாவின் பொன் மங்கலாகத் தெரிந்தது. மொஹிங்கா கிண்ணம் இருநூறு கியாத். மீன் குழம்பு ஊற்றிய அந்தச் சேமியாவை மூவரும் ஊதி ஊதிச் சாப்பிட்டோம். பல நாள் ஒத்திகை பார்த்திருந்ததை அப்போது சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு இவ தொண்டைக்கு ஒண்ணுமில்ல. இவ தமிழ் எனக்கு வெட்கமா இருந்துச்சு. நான்தான் பேசாதேன்னு சொன்னேன்."

ஸ்டெல்லா அக்கா தோள் குலுங்கச் சிரித்தார். "அது எனக்கு அன்னிக்கே தெரியும், சைமன். மரத்துக்குப் பின்னால நின்னு படகுக்காரிகிட்ட வாய் ஓயாம பேசிக்கிட்டிருந்தாளே! தொண்டை வலிக்குப் பர்மியம் ஒத்துக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

நானும் சிரித்தேன். திரேசா சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அக்காவை வீட்டில் இறக்கிவிட்டு வடக்கே திரும்பினோம். விலங்குகளைத் திறந்து விட்டிருக்கும் லோகா பூங்கா இருபத்திரண்டு மைல். இன்சீன் தாண்டியதும் மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் அகப்பட்டது. "வழி இருக்கா?" என்று கேட்டேன். திரேசா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். மறுபடியும் கேட்டேன். பதில் இல்லை. மூங்கில் நுனிகள் கண்ணாடிக்கு முன்னால் ஆட, லாரியின் புகையைக் குடித்துக்கொண்டே ஊர்ந்தேன். சைக்கிள்கள்கூட எங்களைக் கடந்து போயின.

லோகாவை அடைந்தபோது நண்பகல். நுழைவுக்கு ஆளுக்கு முந்நூறு கியாத். மான்கள் வண்டியருகே வந்து நின்றன. குரங்கொன்று எங்கள் வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு கூரையில் உட்கார்ந்தது. இப்படி ஒரு நாளைத்தான் வெகுகாலமாகக் கனவு கண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவளோ அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் வாயிலுக்கு வெளியே தேநீர்க் கடையோரம் வண்டியை நிறுத்தினோம். அடுப்பைப் பற்ற வைத்தபடி திரேசாவே தொடங்கினாள்.

"எத்தனை வருஷமா இது மனசுல கெடக்கு?"

"நாற்பது வருஷமா."

"அதுல ஒரு நாளாச்சும் எங்கிட்ட சொன்னீங்களா? அவங்ககிட்ட போயி சொல்றீங்க. அன்னிக்கும் என்னைக் கேக்காம எனக்காகப் பேசினீங்க. இன்னிக்கும் அதேதான். எனக்கும் வாய் இருக்குங்க."

மன்னிப்புக்கூட இத்தனை காலமும் தவறான விலாசத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. "தப்புதான், திரேசா" என்றேன். அவள் கொதிக்கும் தேநீரை இறக்கினாள்.

"நாளைக்கு மாவ்பிக்குப் போவோம். நான் சொல்றபடி இருக்கணும்."

ஞாயிறு காலை பத்து மைல் ஓட்டி மாவ்பி சேர்ந்தோம். கோயிலில் பூசை முடிந்து, சந்தையருகே எண்ணெய்க் கடை வைத்திருக்கும் அவள் தம்பி பவுல் வீட்டுக்குப் போனோம். "அத்தான், வாங்க! வீட்டையே தூக்கிக்கிட்டு வந்துட்டீங்களாமே!" என்று பவுல் ஓடிவந்தார். பதில் சொல்ல வாய் திறந்தேன்.

"அவருக்குத் தொண்டை வலிடா" என்றாள் திரேசா. "பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்கார்."

"அப்பாடா! இன்னிக்குத்தான் நம்ம கதைய நாம முழுசா பேசலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அன்று பகல் முழுவதும் திரேசா பேசினாள். சந்தையை ஜேய் என்றாள், பாதித் தமிழில் தொடங்கிப் பர்மியத்தில் முடித்தாள். கேட்டவர்களுக்கு எதுவும் இடறவில்லை. எனக்கு இறால் குழம்பு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. கேட்க வழியில்லை, யாரும் கவனிக்கவுமில்லை. ஏரிக்கரை விருந்தில் திரேசா ஒரு தட்டுச் சோற்றோடு நிறுத்தி எழுந்துவிட்டது நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பசியில்லை என்றுதான் அன்று எண்ணியிருந்தேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். அறுத்த வயல்களின் மேல் வெயில் சாய்ந்திருந்தது. ஊர் எல்லையிலேயே வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு போனது. நான் எதுவும் கேட்கவில்லை, பின்னாலேயே ஊர்ந்தேன். சிறிது தூரம் போனதும் திரேசா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"யாபி, போங்க!" என்றாள். சரி என்பதற்குப் பர்மியர் சொல்லும் சொல் அது.

வண்டியைத் தாண்டினேன். என் தொண்டை குணமாகிவிட்டதென்று அவள் இன்னும் அறிவிக்கவில்லை. ஆகவே தலையை மட்டும் ஆட்டினேன்.