வெறும் தட்டு

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த ஒழுங்கையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அதனால் தீபாவளிக்கு முறுக்கோடு போன அம்மாவின் சில்வர் தட்டுகள், பதிலுக்கு வைக்க ஏதாவது செய்யும்வரை அந்தந்த வீடுகளிலேயே குடியிருந்தன. "என்ர தட்டெல்லாம் ஊர் சுத்துது" என்று அம்மா குறைப்படுவார். குரலில் பெருமைதான் கூட இருக்கும்.

யுத்த காலம். யாழ்ப்பாணத்தை விட்டு வந்ததிலிருந்து அம்மா வாசலில் பொங்கியதே இல்லை. கதவைச் சாத்திவிட்டு காஸ் அடுப்பில் பொங்குவார். ஒழுங்கை முகப்பில் ஆமிக் காவலரண், சென்ட்ரி. வெடி கொளுத்தினால் ஆமிக்காரர் துவக்கோடு ஓடி வருவார்கள்.

"பால் பொங்கேக்க வெடிச் சத்தம் இல்லாட்டி அது பொங்கலோ, செத்த வீடோ?" என்றார் அம்மா, அந்த வருடம் தை நெருங்கியபோது. "எத்தினை வருசம்தான் ஒளிச்சுப் பொங்கிறது? இந்த முறை பொங்கலே வேண்டாம்."

எனக்குப் பதினாலு வயது, மூக்கு நுனியில் கோபம். நேரே பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மாவை விடப் பத்து வயது மூத்தவர், பயம் என்பதே தெரியாத மனுசி. தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா வெளிய பொங்கட்டும். சத்தம் நான் பாக்கிறது" என்றார்.

தைப்பொங்கலன்று விடியவே வந்து, எங்கள் பானையைத் தானே தூக்கி வாசலில் கல் அடுப்பில் வைத்துவிட்டார். அம்மாவால் மறுக்க முடியவில்லை. ஆனால் கண் சென்ட்ரிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. பால் நுரைத்து ஏறியது.

வழிந்ததுதான் தாமதம், டமார்! அன்ரி தன் வீட்டு ரபான் மேளத்தைத் தட்ட, எதிர் வீட்டு முஸ்லிம் மாமி நோன்போடு நோன்பாக எங்கள் தட்டில் அகப்பையால் அடித்தார். மாடியிலிருந்து பிள்ளைகள், கடைசி வீட்டுத் தாத்தா, எல்லார் கையிலும் எங்கள் தட்டுகள்! நானும் ஒரு மூடியைப் பிடுங்கி அடித்தேன். அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

ஆமிக்காரன் ஒருவன் ஓடி வந்தான். அம்மா என்னைத் தன் பின்னால் இழுத்தார். "பய வென்ன எபா, மல்லி! தைப்பொங்கல்!" என்றார் அன்ரி. தம்பி பயப்பட வேண்டாமாம், துவக்கு வைத்திருந்தவனைப் பார்த்து. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு தட்டுகள் ஒவ்வொன்றாக எங்கள் வாசலில் வந்து சேர்ந்தன. எல்லாம் நசுங்கியிருந்தன. நோன்பு திறந்தபின் அனுப்ப மாமி வீட்டுப் பங்கை மூடி வைத்துவிட்டு, அம்மா மற்றத் தட்டுகளில் பொங்கலை அள்ளிப் போட்டார்.

"சட்டம் பிழைச்சுப் போச்சு அம்மா," என்றேன். "எல்லாத் தட்டும் வெறுமையாத்தான் வந்திருக்கு."

அம்மா நசுங்கிய விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"விசரி! வெடியையெல்லோ கொண்டு வந்திருக்கினம்."