ஒரு தரம்தான் கேட்டார்கள்

ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மொன்றியல் நகரின் லாசால் பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதற்கு என்னிடம் இருந்த தகுதி ஒன்றே ஒன்றுதான். புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்புக்கு நான் கடைசிவரை போயிருந்தேன். மற்றவர்கள் வேலை கிடைத்ததும் பாதியில் நின்றுவிட்டார்கள். எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஆகவே பங்கில் நான்தான் பண்டிதை என்று சுவாமியார் முடிவுகட்டிவிட்டார்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கிரகித்தல் என்று ஒன்று உண்டு. ஒரு பந்தி தருவார்கள், கீழே சில கேள்விகள் இருக்கும். பந்தியை வாசித்து விளங்கிக்கொண்டு விடை எழுதவேண்டும் என்பது சட்டம். நடைமுறை வேறு. முதலில் கேள்வியைப் பார்க்கவேண்டும். அதில் இருக்கும் பெரிய சொல் பந்தியில் எங்கே கிடக்கிறது என்று விரலால் தேடவேண்டும். அகப்பட்டதும் அந்த வரியை அப்படியே பார்த்தெழுதி முற்றுப்புள்ளி வைக்கவேண்டும். பந்தி மாட்டைப் பற்றியதா மந்திரியைப் பற்றியதா என்று தெரியவேண்டிய அவசியமே இல்லை. இப்படிக் கிரகித்துத்தான் எங்களில் எத்தனையோ பேர் டொக்டரும் எஞ்சினியருமாக வந்தார்கள். அந்த அரிய முறையை நான் கடல் கடந்து கொண்டுவந்து மொன்றியல் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கினேன்.

அது பிரெஞ்சிலும் வேலை செய்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பயிற்சித் தாள்களில் என் பிள்ளைகள் சரி, சரி, சரி என்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். தாய்மார் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. பந்தியில் வந்த நாய் செத்ததா பிழைத்ததா என்று அந்தப் பிள்ளைகளில் யாரைக் கேட்டிருந்தாலும் திருதிருவென்று முழித்திருப்பார்கள். நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு பிள்ளை மட்டும் என் மானத்தை வாங்கினாள். மூன்றாம் வகுப்புப் படித்தவள். மெல்லிய பிள்ளை, கண் மட்டும் பெரிது. விரலால் தேடு என்றால் தேடமாட்டாள். பந்தியை முழுதாக வாசிப்பாள், பிறகு கூரையைப் பார்ப்பாள், பிறகு பந்தியில் இல்லாத ஒன்றை எழுதுவாள். அவளுடைய பள்ளிக்கூட ஆசிரியை வருடத் தொடக்கத்திலிருந்தே தாய்க்குச் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தாள்: இந்தப் பிள்ளைக்கு வாசித்தது விளங்குவதில்லை, கற்பனையாக எழுதுகிறாள், ஆனி மாதப் பரீட்சையில் தேறாவிட்டால் வகுப்பேற்ற முடியாது.

வகுப்பேற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுடைய தம்பி இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். அடுத்த வருடம் அக்காவும் தம்பியும் ஒரே வகுப்பில் இருக்கவேண்டி வரும். தாய் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள். தகப்பன் வீட்டில் கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். தம்பிக்காரன் மட்டும், அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தால் கணக்குப் பார்த்தெழுதலாம் என்று சந்தோசப்பட்டான்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. பயிற்சித் தாளில் இருந்த பந்தி இதுதான். ஒரு சிறுவன் பனிக்காலத்தில் தன் நண்பனின் வீட்டுக்கு விளையாடப் போகிறான். நண்பனின் தாய் அடுப்பிலிருந்து ஆப்பிள் கேக்கை எடுத்து மேசையில் வைக்கிறாள். உனக்கும் ஒரு துண்டு வேண்டுமா என்று கேட்கிறாள். வேண்டாம், நன்றி, நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்கிறான் சிறுவன். மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள். அவன் ஜன்னலால் பனியைப் பார்க்கிறான். கேள்வி: சிறுவன் ஏன் கேக் சாப்பிடவில்லை?

மற்றப் பிள்ளைகள் விரலால் தேடி, 'நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்' என்ற வரியைப் பிடித்து எழுதிவிட்டு, தின்ன ரோல்ஸ் எப்போது தருவீர்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இவள் எழுதியிருந்தாள்: அவனுக்குச் சரியான பசி. ஆனால் ஒரு தரம்தான் கேட்டார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எங்கள் ஆட்களின் வீட்டில் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதும் ஓம் என்று சொல்லும் மனிதரை நான் இன்றுவரை கண்டதில்லை. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்காமல் வந்தவரும் இப்பதான் சாப்பிட்டனான் என்பார். இரண்டாம் தரம் கேட்டால் வயிறு சரியில்லை என்பார். மூன்றாம் தரம் கேட்டால், நீங்கள் கோவிக்கக் கூடாது என்பதற்காக, உங்களுக்காகவே, சோறு போட்டுச் சாப்பிடுவார். கேட்பதை ஒரு தரத்தோடு நிறுத்திய வீட்டைப் பற்றிப் பிறகு பத்து வருடத்துக்குக் கதை நடக்கும். அந்தக் கதைகளையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் இந்தப் பிள்ளை. அவள் கண்ணுக்கு அந்தக் கேக் வீட்டுக்காரி படுகஞ்சத்தனமான பெண்ணாகத்தான் தெரிந்திருப்பாள்.

"பந்தியில அப்பிடி எங்க இருக்கு? காட்டு பாப்பம்" என்று கேட்டேன்.

"அவன் பனியைப் பாக்கிறான் அன்ரி. கேக்கைப் பாத்தா ஆசை வரும் எண்டுதான் அங்கால பாக்கிறான்."

பந்தியில் இல்லாததை எழுதக்கூடாது என்று நான் ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் தலையாட்டினாள். விடையை மாற்றவில்லை. தாள் அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போய், பிழை என்று சிவப்புப் புள்ளடி வாங்கிக்கொண்டது.

சித்திரையில் ஆசிரியை தாயை வரச்சொன்னாள். தாய்க்குப் பிரெஞ்சு பொன்ஜூரோடும் மெர்சியோடும் முடிந்துவிடும். ஆகவே மொழிபெயர்க்க நானும் போனேன். பெரிய மனிதர் நாங்கள் மூன்று பேரும் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தோம். பிள்ளை மட்டும் தன் அளவுக்குச் சரியான கதிரையில் கௌரவமாக இருந்தாள்.

ஆசிரியை இளம் பெண், நல்ல மனம் உள்ளவள். நல்ல மனம் உள்ளவர்கள் மெதுவாகவும் உரக்கவும் பேசுவார்கள், அவளும் பேசினாள். முதலில் அந்தக் கேக் தாளை எடுத்து மேசையில் வைத்துப் புள்ளடியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு ஒரு நல்ல செய்தி சொன்னாள். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஒருத்தி காலை நேரங்களில் வருகிறாள். அவளிடம் ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. அது கிடைத்தால் பிள்ளை தேறிவிடுவாள், கிடைக்காவிட்டால் தேறுவது கஷ்டம். இன்றைக்கே சொல்லவேண்டும், வேறு பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். உங்களுக்கு இது வேண்டுமா?

நான் மொழிபெயர்த்தேன். தாயின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சிரித்தபடி, எங்கள் பரம்பரைக்கே உரிய அந்தப் பதிலைச் சொன்னாள்.

"ஐயோ, ரீச்சருக்கு ஏன் வீண் கரைச்சல். வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அக்கா. நாங்கள் வீட்டில பாத்துக்கொள்ளுவம்."

மொழிபெயர்க்கப் போனவள் சொன்னதைத்தான் சொல்லவேண்டும். பந்தியில் இல்லாததைச் சேர்க்கக்கூடாது என்று பிரசங்கம் செய்தவளும் நான்தானே. வேண்டாமாம் என்றேன். ஆசிரியை வருத்தத்தோடு தலையசைத்தாள். உங்கள் முடிவை மதிக்கிறேன் என்றாள். மதித்துவிட்டு, பிள்ளையின் கோப்பினை மூடிக் கீழே வைத்துவிட்டாள்.

தாய் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தாள், இரண்டாம் தரம் கேட்பதற்காகக் காத்திருந்தாள். ஆசிரியை மணிக்கூட்டைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல வாடியது. என் பிரெஞ்சோ, வினைச்சொல்லைத் தேடி எங்கேயோ அலைந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை பேசிவிட்டாள். நல்ல சுத்தமான பிரெஞ்சில், இந்த ஊர்ப் பிள்ளைகள் பேசுகிற மாதிரி, நிதானமாகச் சொன்னாள்:

"மடாம், இன்னும் ஒரு தரம் கேளுங்கள். நீங்கள் ஒரு தரம்தான் கேட்டீர்கள்."

ஆசிரியை என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவள் தாயிடம் மறுபடியும் கேட்டாள். உங்களுக்குச் சிரமம் என்று தாய் சொன்னாள். நான் அதையும் சொன்னேன். பிள்ளை ஆசிரியையைப் பார்த்து, இன்னும் முடியவில்லை என்பதுபோலத் தலையசைத்தாள். ஆசிரியை மூன்றாம் தரமும் கேட்டாள். இந்த முறை அவள் குரல் இறங்கியிருந்தது.

"அப்ப சரி, அவவின்ர விருப்பம்" என்றாள் தாய்.

உங்களுடைய விருப்பமாம் என்றேன். ஆசிரியை நன்றாகக் குழம்பிப்போனாள். "அதுதான் ஓம்" என்று பிள்ளை அவளுக்கு விளங்கப்படுத்தினாள்.

கோப்பு மறுபடியும் திறந்தது, இடம் கிடைத்தது. ஆசிரியை மேசையில் கிடந்த கேக் தாளை எடுத்துக் கொஞ்ச நேரம் வாசித்தாள். அப்படியானால் அவனுக்குப் பசியா என்று பிள்ளையிடம் கேட்டாள். சரியான பசி என்றாள் பிள்ளை. புள்ளடி மட்டும் சரியாக மாறவில்லை. ஆசிரியர்களுக்கு அச்சடித்துக் கொடுத்த விடைத்தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் விடை. அந்த விஷயத்தில் பிரெஞ்சுக்காரரும் எங்கள் ஆட்களும் ஒரே சாதி.

ஆனியில் அவள் தேறிவிட்டாள். தம்பியின் கணக்குக் கனவு கலைந்தது. தாய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, எனக்கு நன்றி சொல்ல இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உண்மையில் நன்றி யாருக்கு உரியது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்கிக்கொண்டேன், சும்மா வருவதை யார் விடுவார்கள்.

பரீட்சையில் என்ன எழுதினாய் என்று பிள்ளையைக் கேட்டேன்.

"கதையில வாற ஆக்கள் வாயால சொன்னதை மட்டும் எழுதினனான் அன்ரி. என்ன நினைச்சவை எண்டு எழுதேல்லை. அது பள்ளிக்கூடத்துக்குத் தேவையில்லையாம்."

நான் மாதக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்திப் படிப்பித்தது இதைத்தான். கடைசியில் படித்துவிட்டாள், சந்தோசப்படவேண்டியதுதானே. சந்தோசம் வரவில்லை. எழுந்து குசினிக்குப் போய், அன்று காலையில் பொரித்த பற்றிஸைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தேன். நான் கேட்குமுன்பே தம்பி ஒன்றை எடுத்துக் கடித்தான், இந்த நாட்டிலேயே பிறந்தவன். அவளிடம் நீட்டினேன். வேண்டாம் அன்ரி, சாப்பிட்டுட்டுத்தான் வந்தனான் என்றாள். இன்னொரு தரம் நீட்டினேன். பசிக்கேல்லை என்றாள்.

இனி இவள் சொல்வதையே நம்பவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் குசினிக்குக் கொண்டுபோனேன். நடையைத் தாண்டவில்லை, பின்னால் அவளுடைய குரல் கேட்டது.

"அன்ரி, நீங்கள் ரெண்டு தரம்தான் கேட்டனீங்கள்."