மாமாவை ஜெயித்த உதடு

என் கீழுதட்டின் உள்பக்கம் ஒரு தழும்பு இருக்கிறது. ஏழு வயதில் நானே கடித்து உண்டாக்கியது. அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு, திருவிழாக் கடைகளோடு ஊர் ஊராகத் திரிந்து, பஸ் ஸ்டாண்டுகளில் படுத்து எழுந்த நாட்களிலும், விழித்ததும் நாக்கு முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கும்.

அப்போது திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையில் இருந்தோம். எனக்குக் கடைவாய்ப் பற்கள் ஐந்து சொத்தை. முதல் தடவை நாற்காலியில் உட்கார வைத்தபோது டாக்டரின் விரலைக் கடித்துவிட்டேன். இவளுக்கு மயக்கம் கொடுத்துத்தான் பிடுங்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டினார். வருஷம் தவறாமல் ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்திக்கொள்வார். ஒரு கன்னத்தில் நுழையும் வேல் மறு கன்னத்தில் வெளியே வரும். என் மயக்க மருந்துச் செய்தி கிடைத்ததும் அவருக்கு ஒரே கொண்டாட்டம்.

"பல்லு புடுங்க மயக்க மருந்தாடி? மாமனைப் பாரு. முருகான்னு ஒரு வார்த்தை. பொட்டு வலி இருக்காது."

இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சொத்தை என்பதால் அதுவும் வலித்தது.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அலறினேன்.

"வலிக்குதா?" என்றாள் அம்மா. இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்புறம் என்னாத்துக்குடி கத்தற?"

எப்படிச் சொல்வது? கீழுதட்டைக் காணோம். தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, உதட்டுக்குத் தெரியவில்லை. யாருடைய உதட்டையோ கொண்டுவந்து ஒட்டிவிட்டது போல இருந்தது. விழித்தவுடன் வலிக்கக் கூடாதென்று, மயக்கத்தில் இருக்கும்போதே ஈறில் மரத்துப்போகும் ஊசியும் போட்டிருப்பதாக நர்ஸ் சொன்னார்.

"ரெண்டு மூணு மணி நேரம் அப்படித்தாம்மா இருக்கும். வலி தெரியாம உதட்டைக் கடிச்சுடப் போறா, பாத்துக்கங்க."

எனக்கு அந்த யோசனையைக் கொடுத்தது அவர்தான்.

மாமாவின் ஆட்டோவிலேயே திரும்பினோம். காலையிலிருந்து என்னோடு பட்டினி கிடந்த அம்மா, டவுனைத் தாண்டும் முன்பே தூங்கிவிட்டாள். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"என்னடி, ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி கத்தினியாமே?"

அவர் பார்க்கும்படி உதட்டை இழுத்துப் பல்லுக்கடியில் வைத்துக் கடித்தேன். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினேன். கழுத்தில் ஏதோ சூடாக இறங்கியது.

"பாரு மாமா. நான் முருகான்னுகூட சொல்லல."

குழறிய வாயில் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. ஆட்டோ ஓரமாகப் போய்க் குலுங்கி நின்றது. "எடுடி பல்லை! எடுடி!" என்று அவர் போட்ட கூச்சலில் அம்மா விழித்தாள். என் சட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் அவர் முதுகில் ஓங்கி அறைந்தாள்.

"எல்லாம் உன்னாலதான்டா!"

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பொழுது சாயும்போது மரப்பு விட்டது. உதடு திரும்பி வந்தது, போண்டா அளவுக்கு வீங்கி, முழு வலியோடு. மாமா முன்னால் அழக் கூடாதென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவர் ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உதட்டில் மெல்ல ஒற்றினார்.

"கத்துடி. கத்தினா கொஞ்சம் கம்மியாவும்."

"நீ கத்துவியா?"

அவர் துண்டைப் பிழிந்தார்.

"வேல் உள்ள இருக்கறப்ப எப்பிடிடி கத்தறது?"

வேல் குத்தினால் வாயைத் திறக்க முடியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் கத்தவில்லை. ஜெயித்தது நான்தான்.

அடுத்த ஆடிக் கிருத்திகை அன்று, பூசாரி அலகைக் கையில் எடுத்தபோது, மாமாவின் கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடின. பெருமை காட்டத்தான் தேடுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். கண்கள் என்மேல் வந்து நின்றதும், உதட்டைப் பிதுக்கித் தழும்பைக் காட்டினேன்.